உழைக்கும் துணியும் வினாநிரலின் சொல்லும்

நீடித்த ஆடை குறித்த நுகர்வோர் மனப்பாங்கை அளக்க முற்படும் ஆய்வேடுகள் பலவும் ஏறத்தாழ ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. மக்களுக்கு விழிப்புணர்வு குறைவு. அக்கறை இருப்பினும் அது வாங்கும் செயலாக மாறுவதில்லை என்பது அம்முடிவு. பாறசாலையின் எல்லையோரச் சிற்றூர்கள் தொடங்கிப் பாலராமபுரம் வரை விரியும் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இம்முடிவை அப்படியே ஏற்பது கடினம். அங்கே குறை மக்களின் மனத்தில் இருப்பதைவிட வினாநிரலின் சொல்லில் மிகுதியாக இருக்கிறது எனக் கருத இடமுண்டு.

தமிழகக் கல்விப்புலம் 'நீடித்த' என்றும் 'நிலையான' என்றும் எழுதுகிறது. ஈழத்து வழக்கு 'பேண்தகு' என்கிறது. மலையாளம் 'சுஸ்திரம்' என்கிறது. இவையனைத்தும் மொழிபெயர்ப்பு மேசையில் பிறந்த சொற்கள். 'சுஸ்திர வஸ்திரம்' என்று சொல்லிப் பார்த்தால் எதுகை கிடைக்கிறது. கடைவாசலில் நிற்பவருக்குப் பொருள் கிடைப்பதில்லை. ஆனால் அதே கடையில் தமிழ் பேசுவோர் துணியைத் தடவிப் பார்த்து 'உழைக்குமா?' என்று கேட்பர். மலையாளம் பேசுவோர் 'ஈடு நில்க்குமோ?' என்பர். உழைத்தல் என்னும் வினை, மனிதருக்கு உரியதாக இருந்தும், துணிக்கும் ஏற்றப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. எத்தனை வெளுப்புக்குத் தாங்கும், நைந்தபின் தொட்டிலுக்கு ஆகுமா, விளக்குத் திரிக்கு ஆகுமா என்னும் கணக்கெல்லாம் அவ்வொரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. ஆடையின் ஆயுட்காலம் என்று ஆய்வுலகம் பேசுவது இதைத்தான். வினாநிரலோ இச்சொல்லைக் கேட்பதில்லை. 'சுற்றுச்சூழலுக்கு உகந்த ஆடைக்குக் கூடுதல் விலை தருவீர்களா?' என்று கேட்டுவிட்டு, தயங்கியவரை விழிப்புணர்வற்றவர் பட்டியலில் சேர்க்கிறது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகத்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. துணியின் சொற்கள் இக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. குமரி மாவட்டத் தமிழின் துவர்த்து மலையாளத்தில் தோர்த்து ஆகிறது. தறியில் நீளவாட்டில் ஓடும் நூல் இருமொழியிலும் பாவுதான். கோடி என்னும் சொல் இரண்டிலும் புதுத்துணியைக் குறிப்பது. மலையாளத்தில் அது ஓணக்கோடியாக மகிழ்ச்சியின் பக்கம் சாய்ந்தது, தமிழில் பெரும்பாலும் சடங்குக்குள், குறிப்பாக இறப்புவீட்டுச் சடங்குக்குள் ஒதுங்கியது.

பாலராமபுரத்துத் தறிகளின் கதையும் எல்லை கடந்ததே. பாலராமவர்மா (1798–1810) திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. குழித்தறி, கையால் எறியும் நாடா, தெருவில் நீட்டி விரித்துக் கஞ்சி தோய்க்கப்படும் பாவு ஆகியவை இந்நெசவின் அடையாளங்கள். இத்துணிக்கு 2009–10இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மின்சாரம் வேண்டாத தறி, பெரும்பாலும் சாயமேறாத பருத்தி என்று பார்த்தால், உலகச் சந்தை இன்று 'பசுமை ஆடை' என்று விற்க விரும்பும் பண்புகளில் பலவும் இங்கே முன்பே உள்ளன. முழுப் பசுமை என்று சொல்லிவிடவும் கூடாது: நூல் ஆலையிலிருந்து வருகிறது, கசவு சூரத்திலிருந்து வருகிறது, மலிவான சரிகையில் நெகிழியும் உண்டு.

பிறகு ஏன் விற்பனை இடர்ப்படுகிறது? சிங்கம் மாதம் பிறந்தால் இப்பகுதி மக்கள் கசவுத் துணி வாங்கத்தான் செய்கின்றனர். கடைப்பலகையில் விசைத்தறித் துணியும் கைத்தறித் துணியும் ஒரே வெண்மையில், ஒரே கரையோடு அடுக்கப்பட்டிருக்கின்றன. விலை மட்டும் வேறு. கரையிட்ட சேலை, வேட்டி உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. 2015இல் இந்தியக் கைத்தறி வணிகக்குறி வந்தது. இத்தனை முத்திரைகளுக்குப் பின்னும், விரித்த துணியைப் பார்த்து இது தறியா விசைத்தறியா என்று சொல்ல வாங்குவோரால் எளிதில் இயலவில்லை. ஐசன் 1991இல் முன்வைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு மனப்பாங்கு, சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு, தன்னால் இயலும் என்னும் உணர்வு ஆகிய மூன்றையும் பேசுகிறது. அதை மேற்கோளாக அடுக்கும் ஆய்வேடுகள் மூன்றாவதை ஓரிரு கேள்விகளில் கடந்துவிடுகின்றன. நெய்யாற்றின்கரையில் சிக்கல் முடிச்சிட்டுக் கிடப்பது அந்த மூன்றாவதில்தான். இனங்காண இயலாதவர் குறைந்த விலையைத் தேர்வது அறியாமையன்று, சிக்கனம்.

இன்னொன்றும் உண்டு. கோடி என்னும் சொல் கைத்தறியை ஓணத்தில் வாழவைக்கிறது. மற்ற பதினொரு மாதங்களில் அதை மறக்கவும் வைக்கிறது. அன்றாடத் துவர்த்தும் வீட்டுடுப்பு முண்டும் விசைத்தறிக்குப் போய்விட்டபின், ஆண்டுக்கொருமுறை வாங்கும் அழகுத் துணியைக் கொண்டு மட்டும் ஒரு தெருவின் தறிகள் ஓடா. நாடு முழுவதும் 2009–10 கணக்கெடுப்பில் 43 இலட்சத்துக்கு மேலிருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019–20இல் ஏறத்தாழ 35 இலட்சமாகச் சுருங்கியது. இச்சரிவை நுகர்வோரின் பாராமுகம் என்று எழுதிவிட்டால் அரசின் கடமை விளம்பரத்தோடு முடிந்துவிடும். ஆய்வேட்டின் ஒரு சொற்றொடர் அவ்வளவு தூரம் பாயக்கூடியது.

2017இல் கேரள அரசு, அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்குக் கைத்தறிச் சீருடையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தென் மாவட்டங்களில் ஹான்டெக்ஸ் வழியாக நெசவாளருக்கு வேலை வந்தது. கூலி நிலுவை பற்றிய முறையீடுகள் செய்திகளில் இடம்பெற்றபடியே இருப்பதும் உண்மை. காலத்தே கூலி தராத திட்டம் எத்தனை பசுமையாயினும் நெசவாளரிடம் கடன் வாங்கி நடப்பதே. ஆயினும் அத்திட்டத்தால் கைத்தறி மீண்டும் அன்றாடம் உடுத்தி, துவைத்து, காயப்போடும் துணியாயிற்று. மனப்பாங்கை அளக்க விரும்பும் ஆய்வாளர், ஓணக்கூட்டத்தில் படிவம் நீட்டுவதைவிட, அச்சீருடையைத் துவைக்கும் தாய்மாரிடம் போகலாம். முதற்கேள்வி தமிழில் 'உழைக்கிறதா?' என்றும் மலையாளத்தில் 'ஈடுண்டோ?' என்றும் இருக்கட்டும். கூடுதல் விலையைப் பற்றிய கேள்வி படிவத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.