வாயு ஜீப்பும் வீண் பழியும்

பெட்ரோலில் ஓடிய பழைய ஜீப்பை எல்.பி.ஜி. வாயுவுக்கு மாற்றிக்கொண்ட பண்ணைக்காரர், வண்டி நின்றவுடன் வாயுவைப் பழித்து அதன் அளவுத் திருகாணியைத் திருகுவது சிலாக்கியமன்று. கோளாறு பெரும்பாலும் வேறிடத்திலேயே இருக்கும்.

தொட்டியில் திரவமாயிருக்கும் எரிபொருள் ஆவியாக்கியில் வாயுவாகும்போது உஷ்ணத்தைக் கிரகித்துக்கொள்கிறது. அவ்வுஷ்ணத்தை அளிப்பது யந்திரத்தைச் சுற்றிவரும் வெந்நீர். ரேடியேட்டரில் நீர் குறைந்தாலும், குழாயில் காற்று அடைத்தாலும், ஆவியாக்கியின்மீது உறைபனி படிந்து வண்டி நின்றுவிடும். ஆகவே, யந்திரம் ஆறியபின் முதலில் நீரைச் சோதித்தல் வேண்டும்.

அடுத்தது தீப்பொறி. வாயுவைக் கொளுத்தப் பெட்ரோலுக்கு வேண்டியதினும் வலிய பொறி தேவை. தேய்ந்த பிளக்கும் பழுதான கம்பியும் பெட்ரோலுக்கு ஒருவாறு ஈடுகொடுப்பினும், வாயுவில் பின்வெடியை உண்டாக்கும். திருகாணியைத் திருகுவதால் இவ்விரு குறைகளும் தீரா; எரிபொருளே வீணாகும்.

வாயு நாற்றம் வீசினாலோ இச்சோதனைகளுக்கும் இடமில்லை. காற்றினும் கனத்த அவ்வாயு கொட்டகைத் தரையில் தேங்கும்; ஒரு பொறி போதும். தொட்டியின் வால்வை மூடி, எந்தச் சுவிட்சையும் தொடாது விலகி, தேர்ந்த மெக்கானிக்கை அழைத்தலே முறை. சமையல் சிலிண்டரை வண்டியில் பொருத்துதல் 2001ஆம் வருஷத்து மத்திய அரசாங்க உத்தரவுக்கு விரோதம். சிக்கனமென்று கருதி அதைச் செய்வோரைத் தடுத்தல் கிராம அதிகாரிகளின் கடமையாகும்.