குளம் அரசுடையது, தாகம் யாருடையது?



மழை பொய்க்கும் ஆண்டுகளில் நாம் திடலில் திரண்டு மழைத் தொழுகை தொழுகிறோம், கையேந்தி அழுகிறோம். அல்லாஹ் இறக்கும் அம்மழை வந்து தங்க வேண்டிய ஊர்க்குளத்தைக் குறித்து ஒரு நாளேனும் கூடிப் பேசியிருக்கிறோமா? "அது அரசாங்கத்தின் வேலை" என்னும் பதில் நம் மஹல்லாக்களில் எளிதாக வந்துவிடுகிறது. இப்பதிலை மார்க்கமும் ஏற்காது, வரலாறும் ஏற்காது.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் நாம் கூட்டாளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். கூட்டு வியாபாரத்தில் இலாபத்தில் பங்கு கேட்டு, உழைப்பில் மட்டும் ஒதுங்கிக்கொள்பவனை நாம் கூட்டாளி என்போமா? மதீனாவின் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் வாங்கிப் பொதுவாக்கினார்கள். நம்மில் சிலரோ வரத்துக் கால்வாயை மறித்துச் சுவர் எழுப்புகிறார்கள். ஜமாஅத்தும் முகம் பார்த்து மௌனம் காக்கிறது.

தமிழகத்தில் ஏரி, கண்மாய்களைத் தூர்வாரிக் கரை உயர்த்தியவர்கள் ஊர்மக்களே. அதுவே குடிமராமத்து. ஆங்கிலேயர் அதை 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டத்தால் பிடித்து வைக்க முயன்றனர். ஊரின் உரிமை தளர்ந்தபின் வழக்கமும் தளர்ந்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தபோது, விவசாயிகள் சங்கங்களின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலை செய்ததாகப் புகார்கள் எழுந்தன. ஊரார் விலகி நின்றால் அவ்விடம் காலியாக இராது என்பதற்கு இதுவே சான்று.

"நமக்கு வயல் இல்லையே, குளம் எதற்கு?" என்று வியாபாரிகளான நம்மவர் கேட்கலாம். குளம் நிறைந்தால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஊறும். பள்ளிவாசல் ஹவுளில் நாம் உளூச் செய்யும் நீரும் அவ்வூற்றின் கொடைதான். குளம் வற்றினால் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்க வசதியுள்ளவர் தப்பிப்பார்; குடத்தோடு அலைவது ஏழை வீட்டுப் பெண்களே.

எனவே, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்கு நம் ஜமாஅத் நிர்வாகிகள் ஊரின் அனைத்துச் சமுதாயத்தாரோடும் சென்று அமர வேண்டும். குளத்தின் எல்லையை அளக்கத் தீர்மானம் கோர வேண்டும். பொதுக்குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற உச்ச நீதிமன்றம் 2011-லேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டுள்ளது. அகற்றும் பணி நம்மவர் சுவரிலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் நம் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருக்கும்.

நீர் அல்லாஹ்வின் அமானிதம். அதைப் பேணுவோருள் நம்மையும் அவன் சேர்த்தருள்வானாக! ஆமீன்.