கட்அவுட்டுக்குக் காசு இருக்கு, கோல் வலைக்கு இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு "சூப்பர் சார்" என்று போட வேண்டாம். பாடத்தைப் படிக்காமலே தலையாட்டுகிற பழக்கம் உங்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே உண்டு. முழுதாகப் படித்துவிட்டுத் திட்டினால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

முந்தாநாள் சாயங்காலம் நம் ஊர் முக்கத்தில் ஒரு கைகலப்பு. வரப்புத் தகராறா என்றால் இல்லை. கோயில் முதல் மரியாதைத் தகராறும் இல்லை. அர்ஜென்டினாவுக்கும் போர்ச்சுகலுக்கும் தகராறு! உலகக் கோப்பைக்காக ஒரு கோஷ்டி மெஸ்ஸிக்கு 20 அடியில் பிளக்ஸ் வைத்தது. மறுநாளே இன்னொரு கோஷ்டி ரொனால்டோவுக்கு 25 அடியில் வைத்தது. ராத்திரி யாரோ ஒன்றைக் கிழித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் அத்தை மகன், மாமன் மகன். இரண்டு பேருக்கும் கை பிடித்து "அ" எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். பெயர் போடவில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

இரண்டு பிளக்ஸுக்கும் ஆன செலவு 22 ஆயிரம் ரூபாய். நான் விசாரித்துவிட்டேன்.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்துப் பொம்பளைப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் சாயங்காலம் பந்து விளையாடுகிறார்கள். இரண்டு தைலமரக் கம்பு, மேலே ஒரு கொடிக்கயிறு. அதுதான் கோல் போஸ்ட். பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று தினம் ஒரு பஞ்சாயத்து. ஒரு செட் வலையும் இரண்டு பந்தும் வாங்க ஆறாயிரம் ரூபாய் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் நம் இளைஞர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். கிடைத்த பதில்: "வேர்ல்டு கப் முடியட்டும், பாப்பம்."

இந்த "பாப்பம்" என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பந்தாட்டத்துக்கு எதிரி இல்லை. 1990-ல் இத்தாலியில் உலகக் கோப்பை நடந்தபோது ஒரு கருப்பு வெள்ளை டி.வி. முன்னால் முப்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஆன்டெனாவைத் திருப்பவே கூரை மேல் ஒருத்தன். கேமரூன் அணி முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவைத் தோற்கடித்தது. 38 வயது ரோஜர் மில்லா கோல் போட்டுவிட்டு மூலைக் கொடி பக்கத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நாங்களும் ஆடினோம். கேமரூன் எங்கே இருக்கிறது என்று மறுநாள் வகுப்பில் உலக வரைபடத்தில் காட்டினேன். நல்ல ஆட்டத்தை எந்த நாட்டுக்காரன் ஆடினாலும் ரசிக்கலாம். அதில் எனக்கு மறுப்பே கிடையாது.

என் சண்டை வேறு. நீங்கள் உங்களை ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். நான் உங்களை வாடிக்கையாளர்கள் என்கிறேன்.

கோபப்படாமல் கேளுங்கள். உங்களில் பலர் பார்சிலோனா, ரியல் மாட்ரிட் என்று புரொஃபைல் படம் வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டு கிளப்பும் யாருக்குச் சொந்தம் தெரியுமா? உறுப்பினர்களுக்கு. அந்த ஊர்க்காரன் வருஷா வருஷம் சந்தா கட்டுகிறான், கிளப் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறான், சரியில்லை என்றால் இறக்குகிறான். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து, பணக்காரர்களுக்கு மட்டும் "சூப்பர் லீக்" என்று தனிப் பந்தி போடப் பார்த்தன. இங்கிலாந்து ரசிகர்கள் மைதான வாசலில் வந்து மறித்தார்கள். தங்கள் கிளப்பையே எதிர்த்துத்தான் கோஷம் போட்டார்கள். இரண்டே நாளில் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. அவன் ரசிகன். தன் கிளப் தப்புச் செய்தால் காதைத் திருகுகிற உரிமை அவனுக்கு உண்டு. உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ரீசார்ஜ் செய்கிற உரிமையும், டூப்ளிகேட் பனியன் வாங்குகிற உரிமையும்தானே?

"நம்மகிட்ட என்ன சார் இருக்கு, நாங்க ஆதரிக்கிறதுக்கு?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். பதிலாக நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்வி போட்டேன். மெஸ்ஸியின் மூன்று மகன்கள் பெயர் என்ன? அரை நிமிஷத்தில் ஏழு பேர் பதில்: தியாகோ, மத்தேயோ, சிரோ. அடுத்த கேள்வி: சிவசக்தி நாராயணன் யார்? ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் மட்டும் "நம்ம தாசில்தாரா சார்?" என்று கேட்டார்.

அடப் பாவிகளா! சிவசக்தி காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்ப் பையன். நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். 1888-ல் தொடங்கிய டியூரண்ட் கோப்பையின் 2022 இறுதி ஆட்டத்தில், கொல்கத்தாவில், பெங்களூரு அணிக்கு முதல் கோல் போட்டவன். 2022-23 ஐ.எஸ்.எல். போட்டியில் வளரும் வீரர் விருது வாங்கியவன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிற தூரத்தில் இருக்கிறது அவன் ஊர். ரொசாரியோவில் மெஸ்ஸி பிறந்த தெரு தெரியும், கண்டனூர் தெரியாது!

அடுத்து, "பொம்பளப் புள்ளைகளுக்கு எதுக்கு சார் பந்து?" என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கு. சீனியர் பெண்கள் தேசியப் பட்டத்தை 2018-ல் தமிழ்நாடு வென்றது, மணிப்பூரைத் தோற்கடித்து. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் மலையைப் புரட்டுவது. 2023-ல் மறுபடியும் வென்றது. 2019-ல் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். இவர்களில் யாருக்காவது நம் ஊரில் ஓரடி பிளக்ஸ் உண்டா?

தன் ஊரில் ஆடுகிறவனைப் பார்க்க ஆள் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்.

2018 ஜூன் மாதம் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று ஜெயித்தது. சுனில் சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். நம் பக்கத்து ஜல்லிக்கட்டுக்கு இதைவிடக் கூட்டம் வரும். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டு, ஐரோப்பிய கிளப் ரசிகர்களையும் சேர்த்துக் கேட்டார்: எங்களைத் திட்டுங்கள், கிண்டல் செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று. நாட்டின் கேப்டன் கையேந்தி நின்றார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுக்க விற்றது. அப்போ மனசு வைத்தால் முடிகிறது, இல்லையா?

2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி அணி. அடுத்த சில வருஷத்திலேயே அந்த அணி தேசிய லீக்கில் இருந்து காணாமல் போனது. தேடினவர் உண்டா? சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணி. போன வருஷம் ஜூலையில் ஒப்பந்தக் குழப்பத்தால் அந்த லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னை அணி தன் வேலைகளை நிறுத்தியது, பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது. டிசம்பர் வந்தும் லீக் தொடங்கவில்லை. ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதே டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனவர்கள், அவர் முகம் சரியாகத் தெரியவில்லை என்று நாற்காலியைப் பிடுங்கி எறிந்தார்கள். நம் லீக் நின்றதற்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலாவது பறந்ததா? எறியச் சொல்லவில்லை. கோபம் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்க்கச் சொல்கிறேன்.

"கேரளாக்காரன் மட்டும் கட்அவுட் வைக்கலாமா?" என்பீர்கள். 2022-ல் கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸியையும் நெய்மரையும் ரொனால்டோவையும் நிறுத்தினார்கள், உலகமே பார்த்தது, உண்மைதான். அதே வருஷம் மே மாதம் மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், கேரளாவுக்கும் வங்காளத்துக்கும். மாநில அணிகள் ஆடுகிற போட்டி, பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. மைதானம் நிரம்பி வழிந்தது. அங்கே அறுப்பு முடிந்த வயலில்கூட ஏழு பேர் ஆட்டம் டிக்கெட் போட்டு நடக்கிறது. தன் ஊர்த் தேருக்கு வடம் பிடித்தவன் அசலூர்த் தேரை வேடிக்கை பார்க்கப் போகலாம். நம் தேர் நிலையிலேயே நிற்கிறது, நாம் அசலூருக்குப் பட்டாசு வாங்கிக்கொண்டு ஓடுகிறோம்.

இதெல்லாம் நமக்குப் புரியாத விஷயமா? ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன மாவட்டம் இது. வருஷத்தின் முதல் வாடிவாசல் தச்சங்குறிச்சியில் திறக்கிறது. நம் ஆள் ஜல்லிக்கட்டை டி.வி.யில் பார்த்துவிட்டுப் போகிறானா? கடன் வாங்கியாவது காளை வளர்க்கிறான். தான் கஞ்சி குடித்தாலும் அதற்குப் பருத்திக்கொட்டை வைக்கிறான். குளத்தில் நீச்சல் விடுகிறான். பிடிபட்டால் அழுகிறான். மாடு வளர்க்கிற ஊர் இருப்பதால்தான் ஜல்லிக்கட்டு இருக்கிறது. அந்த அறிவு பந்து விஷயத்தில் எங்கே போனது?

சரி, உங்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். என் தப்பையும் சொல்கிறேன்.

இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு உடற்கல்வியும் சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்கு வந்தபிறகு நான் என்ன செய்தேன்? எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. விளையாட்டுப் பீரியடு வந்தால் "கணக்கு நோட்டை எடு" என்றேன். வருஷக் கணக்காக இதைச் செய்தேன். பந்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன், தொலைந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்று. ஒரு மாணவி, மிக வேகமாக ஓடுவாள். "சார், இன்னைக்காவது விடுங்க சார்" என்று ஒரு நாள் கேட்டாள். பின்னக் கணக்கு நடத்தினேன். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அந்தக் கம்பும் கயிறும் கட்டி ஆடுகிறவர்களில் ஒருத்தி அவள் மகள். மைதானத்தை மூடியவர்களில் நானும் ஒருவன். மைதானம் கிடைக்காத பிள்ளைகள்தான் வளர்ந்து போனில் பந்து பார்க்கிறார்கள். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இப்போது கத்துகிறேன்.

இந்த உலகக் கோப்பையில் 48 நாடுகள். அதில் குராசோ என்று ஒரு குட்டித் தீவு. மக்கள்தொகை ஒன்றரை லட்சம் சொச்சம். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2011 கணக்கிலேயே 16 லட்சத்துக்கு மேல். பத்தில் ஒரு பங்கு இருக்கிற ஊர் உலகக் கோப்பைக்குப் போகிறது. "அவங்க ஆளுங்க பாதிக்கு மேல நெதர்லாந்துல பொறந்தவங்க சார்" என்று விவரம் தெரிந்த ஒருவன் எழுதுவான். சரிதான் தம்பி. பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளைகள் பூர்வீக ஊருக்காக ஆடுகிறார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற என் பிள்ளைகளே, உங்களை ஆட வரச் சொல்லவில்லை. ஒரு வலை வாங்கித் தரத்தான் கேட்கிறேன்.

2018-ல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்டபோது நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று நான் பார்த்தேன். யாரும் "பாப்பம்" என்று சொல்லவில்லை. ஆகவே உங்களால் முடியாது என்று நான் நம்பப்போவதில்லை.

உலகக் கோப்பை 11-ஆம் தேதி தொடங்கி, ஆடி பிறந்தபிறகு முடிகிறது. கீரமங்கலம், வடகாடு பக்கம் அது மொய் விருந்துக் காலம். எனவே நானும் ஒரு மொய் நோட்டுப் போட்டிருக்கிறேன். முதல் வரி என் பெயர், ரூ. 2,000. மீதி நாலாயிரத்தை நீங்கள் எழுதுங்கள். மொய்க்கு என்ன முறை என்று உங்களுக்கே தெரியும், வைத்தது திரும்பி வரும். இன்றைக்கு வலைக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகள் நாளைக்குத் திருப்பிச் செய்வார்கள்.

கடைசியாக, சட்டையைப் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு பேருக்கும். ஒருத்தன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறாய். இன்னொருத்தன் டிராக்டர் வைத்திருக்கிறாய். கிழிந்த பிளக்ஸ் கட்டியிருந்த இரும்புச் சட்டம் இன்னும் முக்கத்தில்தான் கிடக்கிறது. அதை அறுத்து இரண்டு கோல் போஸ்ட் அடிக்கலாம். டிராக்டர் வந்தால் மைதானத்துப் பள்ளத்தை ஒரே நாளில் நிரவிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் பள்ளிக்கூடத்து வாசலில் இருப்பேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

ராத்திரி மேட்ச் பார்த்துத் தூங்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது. வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வேன். வருகைப் பதிவேடு போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்