முதுமைக்கு வேண்டும் பேச்சுத்துணை

"தாத்தாவுக்குக் காது கேட்காது" என்று சொல்லிவிட்டு நம் பேச்சைத் தொடர்கிறோம். அவரோ கூட்டத்திலும் தனியராகிறார். இது சிறு குறையா?

2024-இல் 'லான்செட்' மருத்துவக் குழு, டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைச் சுட்டியது. அவற்றைக் களைந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலுமாம். செவிப்புலன் குறைவும், உடலுழைப்பின்மையும், தனிமையும் அவற்றுள் அடங்கும்.

இராஜபாளையத்துக்கு இது அந்நியச் செய்தியன்று. 1936 முதல் நூற்பாலைகளைக் கண்ட ஊர் இது. எந்திர இரைச்சலுக்கிடையே ஆண்டுக்கணக்கில் உழைத்தால் செவித்திறன் குன்றும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. நாட்டுக்கு நூல் தந்தவர்கள் தம் செவியையும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றி நடந்துவர விரும்பும் பாட்டியை, "பேசாமல் உட்காருங்கள்" எனத் தடுப்பதும் அன்பாகாது. முதியோரும் வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலுக்கு வேலை தரவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஏழை முதியோர்க்குக் காதுக்கருவி வழங்க 2017-இல் மைய அரசு 'வயோஸ்ரீ' திட்டத்தைத் தொடங்கியது. கருவியை அரசு தரலாம். பேச்சை யார் தருவது?

மாணவ நண்பர்களே! நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கண் பரிசோதனையோடு செவிப் பரிசோதனையும் நடத்துவோம். முதியோரின் முகம் பார்த்து, நிறுத்தி, நிதானமாகப் பேசுவோம். மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்து அது.