பிபிசி விட்ட அலைவரிசையில் ரஷ்யாவின் குரல்! செய்தி சேனல்களுக்கு அரசுகள் ஏன் காசு கொட்டுகின்றன?

2024 செப்டம்பர் 17. லெபனானில் ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்தன. என்ன நடக்கிறது என்றே யாருக்கும் புரியாத நேரம் அது. அப்போது, பல வருஷமாக பிபிசி அரபு செய்தி கேட்டுப் பழகிய அலைவரிசைக்கு ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு அங்கே பிபிசி கிடைக்கவில்லை. கேட்டது ரஷ்ய ஆதரவு ஊடகத்தின் குரல்.

இதைச் சொன்னவர் பிபிசியின் அப்போதைய தலைமை இயக்குநர் டிம் டேவி. அந்த அலைவரிசையைக் கண்காணித்தபோது, மறுகேள்வியே இல்லாத பிரசாரம்தான் ஓடியது என்று 2024 அக்டோபரில் பேசினார். அரசிடம் கூடுதல் நிதி கேட்கும் இடத்தில் இருந்துதான் அவர் பேசினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் அவர் காட்டிய பிரச்னை நிஜமானது.

பிபிசி ஏன் வெளியேறியது?

பணம்தான் காரணம். உலக சேவையில் சுமார் 382 பணியிடங்களைக் குறைக்கப் போவதாக 2022 செப்டம்பரில் பிபிசி அறிவித்தது. 2023 ஜனவரியில் அரபு வானொலி நின்றுபோனது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1938ல் அந்த அரபு சேவையைத் தொடங்கியதே, முசோலினியின் இத்தாலி அரபு மொழியில் நடத்திவந்த வானொலிப் பிரசாரத்துக்குப் பதில் கொடுக்கத்தான். 85 வருஷம் கழித்து அதே இடத்தை இன்னொரு நாட்டின் பிரசாரத்துக்கு விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

களத்தில் யார் யார்?

கத்தாரின் அல் ஜசீரா 1996ல் வந்தது. ரஷ்யாவின் ஆர்டி 2005, பிரான்ஸ் 24 2006, ஈரானின் பிரஸ் டிவி 2007, துருக்கியின் டிஆர்டி வேர்ல்டு 2015. சீனா தன் சர்வதேச சேனல்களுக்கு 2016 கடைசியில் சிஜிடிஎன் என்று பெயர் சூட்டியது. நம்ம ஊர் டிடி இந்தியாவும் இந்த வரிசையில் உண்டு.

அல் ஜசீரா பிறந்த கதையும் இதே மாதிரிதான். சவுதி நிறுவனத்துடன் சேர்ந்து பிபிசி நடத்திய அரபு டிவி, செய்தி தொடர்பான மோதலில் 1996 ஏப்ரலில் மூடப்பட்டது. வேலை இழந்த செய்தியாளர்களில் பலரை அல் ஜசீரா சேர்த்துக்கொண்டு, அதே வருஷம் நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது.

சீனாவின் வழி வேறு. ஆப்பிரிக்காவில் 10,000 கிராமங்களுக்கு சாட்டிலைட் டிவி வசதி தருவதாக 2015ல் அறிவித்தது. சேனலை மட்டுமல்ல, அதைப் பார்ப்பதற்கான வழியையும் அதுவே போட்டுக்கொடுக்கிறது.

அமெரிக்கா என்ன செய்தது?

எதிர்த்திசையில் போனது. 1942ல் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப்பின் உத்தரவால் முடங்கியது. 1,300க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆர்டியின் தலைமை ஆசிரியர் மார்கரிட்டா சிமோன்யன் இந்த முடிவை வெளிப்படையாகவே கொண்டாடினார்.

அரசு காசு என்றாலே பிரசாரமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. காசு கொடுப்பவருக்கு எதிரான செய்தியை அந்த சேனலால் போட முடியுமா? இதுதான் உண்மையான சோதனை.

பிபிசி உலக சேவைக்கு மக்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தோடு பிரிட்டன் வெளியுறவுத் துறையின் நிதியும் வருகிறது. ஆனாலும் பிரிட்டன் பிரதமர்களை பிபிசி விடாமல் கேள்வி கேட்கிறது. உக்ரைன் போரில் ரஷ்ய அதிபர் புதினை ஆர்டி அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அல் ஜசீரா நடுவில் நிற்கிறது. உலகச் செய்திகளில் துணிச்சல் காட்டினாலும், கத்தார் ஆட்சியாளர்கள் விஷயத்தில் அந்த வேகம் இல்லை என்ற விமர்சனம் உண்டு.

சரி, இதில் நமக்கு என்ன?

இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் தெரியும். 1941ல் தொடங்கிய பிபிசி தமிழோசை, போர்க்காலத்தில் பல வீடுகளில் அன்றாட வழக்கம். இலங்கை அரசு வானொலியின் எஃப்எம் வழியாகவும் அது ஒலித்தது. தமிழ் நிகழ்ச்சிகளில் குறுக்கீடு தொடர்ந்ததால் 2013 மார்ச்சில் அந்த எஃப்எம் ஏற்பாட்டை பிபிசி நிறுத்திவைத்தது. உள்ளூர் அரசு கைவைக்க முடிந்தது எஃப்எம்மில்தான்; வெளியில் இருந்து வந்த சிற்றலை தொடர்ந்து கேட்டது. 2017 ஏப்ரலோடு அந்த சிற்றலையும் ஓய்ந்தது. பிபிசி தமிழ் இப்போது இணையத்தில் இயங்குகிறது.

இன்டர்நெட் இருக்கிறதே, ரேடியோ எதற்கு என்று தோன்றலாம். கலவரம், போர் என்றால் பல அரசுகள் முதலில் துண்டிப்பதே இன்டர்நெட்டைத்தான். அந்த நேரத்தில் கையில் ரேடியோ மட்டும் இருப்பவருக்கு, அலைவரிசையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் செய்தி.

சீன வானொலியும் 1963 முதல் தமிழில் பேசுகிறது. இப்போது இவையெல்லாம் நம் போனுக்கே வந்துவிட்டன. அடுத்த முறை யூடியூபில் வெளிநாட்டுச் செய்தி பார்க்கும்போது, வீடியோவுக்குக் கீழே அந்த சேனலுக்கு எந்த அரசு நிதி தருகிறது என்று சின்னதாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீடியோவை மூட வேண்டாம். அந்த அரசைப் பற்றிய செய்தியை மட்டும் இன்னொரு இடத்திலும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு ஃபார்வேர்டு பண்ணுங்கள்.