வலைக்கதவுக்கு ஒரு சட்டை

பள்ளி விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்பே தயாராகி நிற்பது அப்பாவின் கேம்பர் வேன்தான். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அந்தப் பழைய வேனை வாங்கினார். “இந்த வயசில இது தேவையா?” என்று கேட்ட அம்மாதான் இப்போது முதல் ஆளாகப் பையைக் கட்டுகிறார்.

சென்ற ஆண்டு கேமரன் மலைக்குப் போனோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவுக் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வேனுக்கு வெளியே ஒரு தகரக் கதவு, உள்ளே கொசுவுக்காக ஒரு வலைக்கதவு. தகரத்தைச் சாத்தினால் பகலிலேயே இருட்டு. வலையை மட்டும் விட்டால் காற்றோடு சாரலும் உள்ளே வரும். அன்று நள்ளிரவில் அம்மாவின் தலையணை நனைந்துவிட்டது.

வீடு திரும்பியதும் அப்பா ஒரு வழி சொன்னார். வலைக்கதவின் உள்பக்கம், வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்றக்கூடிய பெர்ஸ்பெக்ஸ் பலகை. மேலே ஒன்று, கீழே ஒன்று.

அளவெடுக்க டேப் போதாது என்றார். பழைய நாளிதழைக் கதவில் ஒட்டி, சட்டத்தின் ஓரமாகவே வெட்டி எடுத்தோம். விளம்பரப் பலகை செய்யும் கடையில் அதைக் கொடுத்து, 3 மில்லிமீட்டர் பலகையை வெட்டி வாங்கினோம். காந்தப் பட்டை ஒட்டி மாட்டலாம் என்பது என் யோசனை. ஆசையாக வாங்கியும் வந்தேன். கதவுச் சட்டமோ அலுமினியம், காந்தம் எப்படி ஒட்டும்? அப்பா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

கடைசியில், விரலால் திருப்பினால் பலகையைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் கொண்டிகளைச் சட்டத்தில் பொருத்தினோம். நீங்களும் செய்வதானால் சில விஷயங்கள். பெர்ஸ்பெக்ஸ் வெயிலில் விரியும். ஒரு மீட்டர் பலகை 20 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை வேலை முடியும்வரை உரிக்காதீர்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், பலகையில் நுண்ணிய விரிசல் விழும். சவர்க்கார நீரும் மெல்லிய துணியும் போதும்.

வேலை முடிந்ததும் போர்ட்டிக்சனில் முதல் சோதனை. மாலையே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பலகைகளையும் மாட்டினோம், ஜன்னல்களையும் அடைத்தோம். ஒரு துளி உள்ளே வரவில்லை. மகன் பலகையில் மூக்கை அழுத்தி மழையை வேடிக்கை பார்த்தான். நான் மைலோ கலக்க கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தேன். வேனுக்கு முன்னால் படுதா கட்டிக்கொண்டிருந்த அப்பா, உள்ளே வந்ததும் ஒன்றும் பேசாமல் மேல் பலகையைக் கழற்றினார்.

“சாரல் அடிக்குதுப்பா!”

“நனைஞ்சா துடைச்சுக்கலாம்மா. மூச்சு முட்டினா என்ன பண்ணுவே?”

அப்புறம்தான் சொன்னார். அவரோடு லாரி ஓட்டிய நண்பர் ஒருவர், ஒரு மழை இரவில் என்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே தூங்கினார். காலையில் எழவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கதையை அப்பா எங்களிடம் சொன்னது அன்றுதான்.

அடைத்த இடத்தில் அடுப்போ என்ஜினோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. அடுப்பு வாயு கசிந்தாலும் ஆபத்துதான். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கீழ்ப் பலகையின் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டோம். அதற்குப் பின்னால் வலை இருப்பதால் கொசு வராது. கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறும் கருவி ஒன்றையும் வாங்கி மாட்டினோம். இப்போது வேனில் ஒரே ஒரு சட்டம்: முடிந்தவரை சமையல் வெளியே, மழையில் உள்ளே அடுப்பு எரிந்தால் மேல் பலகை கீழே இறங்கியாக வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். என் மகன்தான் அதற்குக் காவல்காரன். அடுப்புச் சத்தம் கேட்டதும் கொண்டியைத் திருப்ப ஓடுகிறான்.

உங்கள் வேனின் வலைக்கதவுக்கும் தாராளமாக ஒரு சட்டை தையுங்கள். ஆனால் பொத்தான் உள்பக்கம் இருக்கட்டும், வீட்டுப் பிள்ளையும் கழற்றும்படி இருக்கட்டும்.