சீசன் முடியட்டும்!

பி.காம். படித்தவனை மீன் பிடிக்கக் கூட்டிப் போகக் கூடாது. ஆற்றைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்ப்பான். தூண்டில் கோல், லைசென்ஸ், ஜீப் வாடகை, ஃப்ளாஸ்க் டீ... எல்லாவற்றையும் கூட்டி, பிடிபட்ட மீன்களால் வகுத்தால் ஒரு மீனின் அடக்க விலை வந்துவிடும். மார்ச் மாதம் தீர்த்தன் நதிக்கரையில் இந்தக் கணக்கைப் போட்டேன். வரவில்லை. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாதாமே!

தீர்த்தன் ஓடுவது இமாசலப் பிரதேசம், குலு மாவட்டத்தில். என் கல்லூரி நண்பன் அந்தப் பக்கம் மூன்று வருஷமாக வங்கி அதிகாரி. அவன் அம்மா திருநெல்வேலியில் தனியாக. "தம்பி, நீயாவது போய் டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லு. அவங்க அப்பா போனதுக்கப்புறம் ஊர்ப் பக்கமே வரமாட்டேங்கான்" என்று ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயோடு என்னைத் தூது அனுப்பியிருந்தார்.

வசந்த காலம் என்றுதான் பெயர். பிளம் மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. காற்றோ, கணக்கு வாத்தியார் மாதிரி காதைப் பிடித்துத் திருகியது. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மங்கி குல்லா. அப்படியும் பல் தந்தியடித்தது. இந்தத் தண்ணீர் கீழே போய் பியாஸ் நதியில் சேர்கிறது. கி.மு. 326-ல் அலெக்சாண்டரின் படை, 'இதுக்கு மேல வரமாட்டோம்' என்று அடம்பிடித்துத் திரும்பியது அந்த பியாஸிலிருந்துதான். களைப்பு, மழை என்று காரணம் சொல்கிறார்கள். எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம்.

பிரவுன் ட்ரௌட் நம் நாட்டு மீன் இல்லை. ஐரோப்பாக்காரர். 1909 வாக்கில் வெள்ளைக்காரர்கள் குலுவில் கொண்டுவந்து வளர்த்தார்கள். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு உயிர். ஆனால், பனி உருகி வந்து ரொம்பச் சில்லிட்டால் அதற்கும் சோம்பல். இரை தேடாமல் பாறைக்கடியில் படுத்துவிடும். புத்திசாலி!

நண்பன் வீசிய தூண்டிலைக் காற்று வளைத்து என் குல்லாவில் மாட்டியது. அன்றைய முதல் கேட்ச் நான்.

ஆற்றின் இரைச்சலில் தூதைத் தொடங்கினேன்.

"டிரான்ஸ்ஃபர்!"

"ட்ரௌட்டா? எங்கலே?"

மத்தியானம் பாறை மறைவில் டீ குடிக்கும்போது அவனே ஆரம்பித்தான்.

"அம்மா அனுப்பினாளா? ஊறுகாயைப் பார்த்ததுமே தெரிஞ்சுது."

நான் டீயை ஊதினேன்.

"அப்பாதாம்லே எனக்குத் தூண்டில் போடக் கத்துக் குடுத்தார். தாமிரபரணியில, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. ஒரு வார்த்தை பேசமாட்டார். இங்க கோலைப் பிடிச்சு நின்னா, அவர் பக்கத்துல நிக்காருன்னே இருக்கு. அங்க போய் நின்னா, இல்லேன்னு தெரிஞ்சுரும்லா?"

இதற்கு பதில் எந்த சிலபஸிலும் இல்லை. இரண்டாவது டம்ளரை நீட்டினேன்.

நாலு மணிக்குக் கோல் வளைந்தது. கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி வைத்த ட்ரௌட். என் உள்ளங்கை நீளம்தான். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றினான். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு போய், மீனுக்கு நோய் வந்துவிடுமாம். தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்திருந்தான். வாலை ஒரு சுழற்று சுழற்றி அது போய்விட்டது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை இங்கே ட்ரௌட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் பருவம்.

"அக்டோபரோட சீசன் முடியும். நவம்பர்ல எழுதிக் குடுத்துருதேன். ஃபாரம் நிரப்பி டிராயர்லதான் கிடக்கு. தேதி மட்டும் போடலை" என்றான், ஆற்றைப் பார்த்தபடி.

ராத்திரி அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நவம்பர்ல எழுதிக் குடுக்கானாம்மா."

"அதுவரைக்கும் என்ன செய்யப் போறானாம்?"

"மீன் பிடிக்கானாம்மா."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று 'ஹலோ' சொல்ல வாயெடுத்தேன்.

"அவங்க அப்பா கோலு பரண்மேல அப்படியேதான் இருக்கு. வந்து எடுத்துக்கச் சொல்லு தம்பி."